கேஸ் குழாயும் ஒரு கரிநாக்கும்

நடக்காத விபத்தை எழுதிக் கொடுத்துப் பிழைக்கிற தொழில் என்னுடையது.

நடந்த விபத்தை எழுதப் போகிறவர்களுக்கு எல்லா இடத்திலும் மரியாதை உண்டு. நாற்காலி போடுவார்கள், இளநீர் வெட்டித் தருவார்கள். நடக்காததை எழுதப் போகிறவளுக்கு வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதே பெரிய விஷயம். ஆலைகளில் கேஸ் ஓடும் குழாயோடு கூடவே நடந்து, எங்கே கசியலாம், கசிந்தால் எந்தப் பக்கம் போகும், போகிற வழியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, இதை மாற்றுங்கள், அதை நகர்த்துங்கள் என்று சொல்ல வேண்டும். விசிட்டிங் கார்டில் 'இடர் மதிப்பீட்டாளர்' என்று போட்டிருக்கிறேன். தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் எனக்குப் பெயர் 'கேஸ் மேடம்'. ஸ்கூட்டரை நிறுத்தினால் பாதிப் பேர் சிலிண்டர் எப்போது வரும் என்கிறார்கள், மீதிப் பேர் எந்த ஸ்டேஷன் கேஸ் என்கிறார்கள்.

நீங்களும் என் கட்சியாகத்தான் இருப்பீர்கள். ஊருக்குக் கிளம்பும்போது அடுப்பை அணைத்தாயா என்று கேட்டு, 'கிளம்பும்போதே ஆரம்பிச்சிட்டியா' என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், கல்யாண மண்டபத்தில் வயர் தொங்குகிறதே என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டாரின் முறைப்பைச் சம்பாதித்தவர்கள், எல்லாரும் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்கு அந்த வசவு வீட்டோடு போகும். எனக்கு அதுதான் சோறு. ஒரே ஒரு ஆலையில் ஒரு வருஷம் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன். வயிற்றெரிச்சலை எங்காவது கொட்டியாக வேண்டும்.

நல்ல வார்த்தை

சின்னமனூர் தாண்டி, வயல்களுக்கு நடுவில் ஒரு பழக்கூழ் ஆலை. மாம்பழக் காலத்தில் மாம்பழம், மற்ற நாட்களில் திராட்சையும் வாழையும். பழத்தைப் பிழிந்து, காய்ச்சி, பீப்பாயில் அடைத்து அனுப்புவார்கள். காய்ச்சுவதற்குக் கொதிகலன், கொதிகலனுக்குக் கேஸ். வாசல் பக்கத்துக் கொட்டகையில் பெரிய சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். அங்கிருந்து மஞ்சள் பெயிண்ட் அடித்த இரும்புக் குழாய் ஒன்று தெற்குச் சுவரை ஒட்டியே போய்க் கொதிகலனில் சேரும். முதலாளி பெயர் ராஜாங்கம். இன்சூரன்ஸ்காரர்கள் கட்டாயப்படுத்தியதால் என்னைக் கூப்பிட்டிருந்தார். கூப்பிட்டவரையே குறை சொல்ல வேண்டிய தொழில் என்பதால் நான் எப்போதும் கொஞ்சம் சிரித்த முகமாகத்தான் உள்ளே போவேன்.

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. காற்று ஜன்னல் கதவுகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. திராட்சை ஜூஸ் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. எல்லா ஆலையிலும் நான் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டேன். இந்தக் குழாயில் கேஸ் கசிந்தால் முதலில் யாருக்குத் தெரியும்? ராஜாங்கம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கேள்வி புரியவில்லையோ என்று நினைத்து, தீப்பிடித்தால் ஆட்கள் எந்த வழியாக ஓடுவார்கள் என்று இன்னும் விளக்கமாகக் கேட்டுத் தொலைத்தேன். மணியடித்து மேனேஜர் சுருளியை வரச்சொல்லி, என் எதிரிலேயே வாசலில் ஒரு எலுமிச்சம்பழம் வெட்டிப் போடச் சொன்னார். சிலருக்குக் கரிநாக்கு இருக்கும், சொன்னது சொன்னபடி பலித்துவிடும், அவருடைய சொந்தத்திலேயே அப்படி ஒரு அம்மா உண்டு என்று பொதுவாகச் சொல்வது போல் சுருளியிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா தீயி, கசிவுன்னுக்கிட்டு. நல்ல வார்த்தையா நாலு எழுதிக் குடுத்துட்டுப் போங்க மேடம்."

யானையைக் கட்டலாம்

சுருளியைக் கூட்டிக்கொண்டு குழாயோடு நடந்தேன். தெற்குச் சுவர் திரும்புகிற மூலையில் முன்பு வாய்க்கால் ஓடியிருக்கிறது. பாதி தூர்த்து, பாதி பள்ளமாகவே விட்டு, அதில் சிமெண்ட் ஷீட் கூரை போட்டு ஒரு அறை கட்டியிருந்தார்கள். படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். பழம் பொறுக்கும் பெண்களின் கைக்குழந்தைகளை விடுகிற அறை. சுற்றிக்கொண்டு போனால் குழாய் நீளும் என்று, கேஸ் குழாயை அந்த அறையின் ஒரு சுவரில் நுழைத்து மறு சுவர் வழியாக வெளியே எடுத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேலே மஞ்சள் குழாய். அந்தக் குழாயில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். தொட்டிலுக்குள் பிள்ளைகள்.

குழாயின் நடுவில் போல்ட் போட்ட ஒரு இணைப்பு. தொட்டில் ஆடும்போதெல்லாம் அந்த இணைப்பு முனகியது. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. வயலுக்குத் தண்ணீர் விட்டால் பள்ளம் பார்த்துப் போகிற மாதிரி, தரையோடு தரையாக ஊர்ந்து தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். அந்த ஆலையிலேயே தாழ்வான இடம் பிள்ளைகள் இருந்த அந்த அறைதான். குழாயில் எங்கே கசிந்தாலும் இங்கேதான் வந்து சேரும், இங்கேயே கசிந்தால் கேட்கவே வேண்டாம்.

பாண்டியம்மா என்ற பெண் பால் கொடுக்க வந்திருந்தாள். பிள்ளைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. குழாயில் ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். கூரை தாங்காது, கொக்கி மாட்டிக் கொடுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நல்லவேளையாக இந்தக் குழாய் இருந்தது என்று சாதாரணமாகச் சொன்னாள். அவளைச் சொல்லி என்ன? குழாய்க்குள் என்ன ஓடுகிறது என்று அவளுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டிய சுருளி, கையை ஓங்கிக் குழாயில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார்.

"யானையக் கட்டுனாலும் தாங்கும் மேடம். நல்ல கம்பெனி பைப்பு."

வாய்ப்பு

எல்லாருக்கும் புரியட்டும் என்று அறிக்கையைத் தமிழிலேயே எழுதினேன். குழாயை அந்த அறையை விட்டு வெளியே எடுங்கள், எடுக்கிற வரைக்கும் பிள்ளைகளை மேட்டில் வேறு அறைக்கு மாற்றுங்கள் என்பதுதான் சாரம். முதல் வரியில், 'இங்கே உயிரிழப்பு ஏற்படும் வாய்ப்பு மிக அதிகம்' என்று எழுதியிருந்தேன். மறுநாளே ராஜாங்கம் வரச்சொல்லிவிட்டார். நம்பவே முடியவில்லை. படித்துவிட்டார், பதறிப்போய்க் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன்.

அவருக்கு ஆட்சேபணை 'வாய்ப்பு' என்ற சொல்லின் மேல். வாய்ப்பு என்றால் வேலை கிடைப்பது, தேர்தலில் சீட் கிடைப்பது, இப்படி மங்களமான காரியங்களுக்குச் சொல்வது, சாவுக்குப் போய் வாய்ப்பு என்று எழுதலாமா என்று கேட்டார். எங்கள் துறையில் அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்றேன். 'சாத்தியம்' என்று மாற்றவா என்றேன். அது இன்னும் பலித்துவிடும் போல இருக்கிறது என்றார். ஒரு மணி நேரம் அந்த ஒரு சொல்லைப் பற்றியே பேசினோம். அந்த வரியில் மீதி இருந்த 'உயிரிழப்பு' யாருடையது என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் சுருளி சமாதானத்துக்கு வந்தார்.

"'இறைவன் அருளால் வாய்ப்பு குறைவு'ன்னு போட்டீகன்னா ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கும் மேடம்."

புது வீட்டில்

நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்தது, அவ்வளவுதான். ஆனால் என் நாக்கைப் பற்றிய செய்தி மட்டும் எனக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. பெரியகுளத்தில் சித்தி மகள் வீட்டுக் கிரகப்பிரவேசம். புது அடுப்படியில் சிலிண்டரை மரக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். கேஸ் வெளியே போக ஒரு துளைகூடக் கிடையாது. நான் குனிந்துதான் பார்த்தேன். வாயைக்கூடத் திறக்கவில்லை. என் தம்பி பெண்டாட்டி எங்கிருந்தோ ஓடிவந்து கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சாப்புட்டுட்டு நேரா வண்டிய எடுங்க மதினி. பால் காய்ச்சுன வீடு, நீங்க ஒண்ணும் பாக்க வேணாம்."

சந்தனம்

ஆயுத பூஜை முடிந்து ஐப்பசியில் மறுபடி போனேன். குழாய் அங்கேயேதான் இருந்தது, தொட்டில்களும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தன. சிலிண்டர் கொட்டகையில் பூஜை அமர்க்களமாக நடந்திருந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொட்டு, வால்வுகளுக்கு மாலை. அதில் எனக்கு வருத்தமே இல்லை. என் ஸ்கூட்டருக்கே நான் பொட்டு வைக்கிறவள்தான்.

ஆனால் அங்கே ரெகுலேட்டர் என்று ஒன்று உண்டு. சிலிண்டரிலிருந்து வேகமாக வரும் கேஸை அடக்கி, அளவாகக் குழாய்க்குள் விடுகிற கருவி. பார்க்க ஒரு தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். அதன் முகத்தில் சின்னதாக ஒரு மூச்சுத் துளை. அது திறந்திருந்தால்தான் கருவிக்கு அழுத்தம் ஒழுங்காகத் தெரியும். பொட்டு வைத்தவருக்கு அந்தத் துளை நெற்றி மாதிரித் தெரிந்திருக்கிறது. சந்தனத்தைக் குழைத்து, துளைக்குள் அமுக்கி வைத்து, மேலே குங்குமமும் அழகாக இட்டிருந்தார். காய்ந்து கல்லாகியிருந்தது. பக்கத்திலேயே அழுத்தம் காட்டும் முள், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது. அத்தனை அழுத்தமும் தொட்டில் தொங்குகிற அந்தக் குழாய்க்குள்தானே போய்க்கொண்டிருந்திருக்கும்? எத்தனை நாளாகப் போனதோ, பார்த்தவர் யாரும் இல்லை. வால்வை மூடச் சொல்லிவிட்டு, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிச் சந்தனத்தைக் குடைந்து எடுக்க ஆரம்பித்தேன். சுருளி நிஜமாகவே பதறினார். முள்ளைப் பார்த்து இல்லை.

"சாமிக்கு வச்ச பொட்ட அழிக்கிறீகளே மேடம், இதுக்கு மேல என்ன அபசகுனம் வேணும்?"

உத்தரவுப்படி

தை பிறந்ததும் ராஜாங்கமே போன் செய்தார். நான் சொன்னபடியே செய்துவிட்டதாகவும், வந்து பார்த்து இன்சூரன்ஸுக்கு ஒரு சான்று கொடுக்க வேண்டும் என்றும் குரலில் தேன் ஒழுகச் சொன்னார். அன்றைக்கு நான் வழியில் நின்று பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன் என்றால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய் அசையவில்லை. சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு அறிவிப்பு மட்டும் புதிதாக இருந்தது. 'குழாயில் தொட்டில் கட்டக் கூடாது. இப்படிக்கு, பாதுகாப்பு மேடம் உத்தரவு.' கொக்கி கிடையாது, கட்டில் கிடையாது. தொட்டில்களை அவிழ்த்துப்போட்டு, பிள்ளைகளைத் தரையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். கேஸ் வந்தால் முதலில் தேங்குகிற தரை. சுருளி அந்தக் காட்சியைப் பல கோணங்களில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வரும். ஆனால் தொழில் இடத்தில் கத்தியது கிடையாது. அன்றைக்குக் கத்தினேன். தொட்டிலில் இருந்தபோதாவது பிள்ளைகள் தரைக்கு மேலே இருந்தார்கள், இப்போது கேஸுக்குப் பாய் விரித்து வைத்திருக்கிறீர்கள் என்று ராஜாங்கம் அறையில் நின்று, வெளியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தொட்டில் கட்டாதே என்றதும் நான்தான், கட்டியிருந்ததே நல்லது என்பதும் நான்தான் என்றார். குழாயை நகர்த்துவதைப் பற்றி அடுத்த வருஷம் யோசிக்கலாம் என்றார். சான்றும் கொடுக்காமல், பால்கோவாவும் கொடுக்காமல் வெளியே வந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் பாண்டியம்மா நின்றாள். எனக்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். பிள்ளைக்குத் தரைக் குளிரில் சளி பிடித்திருந்தது. நான் சொன்னது தொட்டிலை இல்லை, குழாயைத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"நீங்க ஒரு தடவ வந்ததுல எங்க புள்ளைக தொட்டில்ல இருந்து தரைக்கு வந்துருச்சுக. இன்னொரு தடவ வந்தீகன்னா எங்கன போகுங்க?"

அந்தக் கேள்வியை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தேன். பால்கோவாவை யாரும் சாப்பிடவில்லை.

வாடை

கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அழுகல் வாடை ஒன்றைச் சேர்த்து அனுப்புகிறார்கள். உலகம் முழுக்க அந்த வாடை உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் மாம்பழக் காலத்தில் அந்த ஆலையில், பிழிந்த தோலும் கொட்டையும் தெற்குச் சுவர் ஓரமாக மலையாகக் குவிந்து புளித்துக் கிடக்கும். அழுகல் வாடைக்கு நடுவில் இன்னொரு அழுகல் வாடையை எவர் கண்டுபிடிப்பது? குவியலை அப்புறப்படுத்துங்கள் என்று அதையும் எழுதியிருந்தேன். நான் போன் செய்துவிட்டுப் போகிற நாட்களில் மட்டும் அப்புறப்படுத்தினார்கள்.

வைகாசியில் ஒரு நாள், மாதாந்திர மின்தடை. அன்று நடந்ததைப் பாண்டியம்மா எனக்குப் பிற்பாடு சொன்னாள். மெஷின்கள் நின்றதால் பெண்கள் பால் கொடுக்கப் போயிருக்கிறார்கள். காவலுக்கு இருந்த ஆயா நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டு இருந்திருக்கிறார். அவருக்குப் பழ வாடையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பாண்டியம்மா பிள்ளையைத் தூக்கக் குனிந்ததும் மூக்கில் குப்பென்று ஏறியிருக்கிறது. பிள்ளை துணி மாதிரித் துவண்டு வந்திருக்கிறது. அத்தனை நாள் தொட்டில் ஆடி ஆடித் தளர்ந்துபோன இணைப்பு அன்றைக்குக் கைவிட்டிருக்கிறது. ஜெனரேட்டர் அறை ஒட்டினாற்போலத்தான். ஆள் அதைப் போடுவதற்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு பொறி போதும். பாண்டியம்மா பிள்ளையை ஆயா கையில் திணித்து வெளியே தள்ளிவிட்டு, ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருக்கிறாள். மற்றவர்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். யாரோ வால்வை மூடியிருக்கிறார்கள்.

துவண்ட பிள்ளைகளைச் சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மாலைக்குள் எல்லாம் அழ ஆரம்பித்துவிட்டன என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் மேகமலையில் ஒரு தேயிலை ஆலையில் இருந்தேன். மலைச் சாலையில் இறங்கி வருகிற வழியெல்லாம் சிக்னல் விட்டு விட்டுத்தான் வந்தது. தகவல் சொன்னவர் சுருளி. ஒரு வருஷம் கழித்தாவது நீங்கள் சொன்னது சரிதான் மேடம் என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். மனுஷி ஆசைப்படுவதற்கும் ஒரு அளவு வேண்டும்.

"நீங்க சொன்னது அப்படியே பலிச்சிருச்சு மேடம். இனிமே அந்தம்மாவ உள்ள விடாதன்னு முதலாளி உங்களத்தேன் வையுறாக."

பழம்

மறுநாள் காலை ராஜாங்கம் ஒரு முடிவு எடுத்தார். பிள்ளைகள் அறையைப் பூட்டிவிட்டார். இனி கைக்குழந்தையோடு யாரும் வேலைக்கு வரக் கூடாது. இணைப்பை முறுக்கிச் சரிசெய்தாயிற்று, குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும். எனக்கு இதைப் பாண்டியம்மாவே போனில் சொன்னாள். கேஸை நகர்த்தச் சொன்னால் பிள்ளைகளை நகர்த்துகிறார்கள். அதுவும் எங்கே? வரப்பிலா, ரோட்டிலா? அவள் வேலையை விட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது, பிள்ளையை விட்டுவிட்டு வந்தால் பார்க்க ஆள் கிடையாது. சரி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். கேட்டில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்றாள்.

நான் உள்ளே போகக் கூடாது என்றுதானே உத்தரவு. கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். பழம் பொறுக்கும் பெண்கள் அத்தனை பேரும் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. தூக்குவாளியில் சோறு கொண்டுவந்திருந்தார்கள். சுருளி வந்து கெஞ்சினார், பிறகு அதட்டினார், வேறு ஆட்களைக் கூப்பிடுவோம் என்றார். சீசனில் வேறு ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? பாண்டியம்மா எழுந்துகூட நிற்காமல் பதில் சொன்னாள்.

"கொழாய எடுங்க, வாறோம். எடுக்கலைன்னா நீங்களே பொறுக்கிக்கங்க."

மதியத்துக்கு மேல் தேவதானப்பட்டிப் பக்கத்திலிருந்து மாம்பழ லாரிகள் வரத் தொடங்கின. இறக்க ஆள் இல்லை. கொதிகலன் நின்றிருந்தது. ரோட்டோரம் ஒன்றன் பின் ஒன்றாக லாரிகள். வெயில் என்றால் வைகாசி வெயில். மறுநாள் காலையில் லாரிகளுக்கு அடியில் பழச்சாறு சொட்டி ஈ மொய்த்தது. கனிந்த பழத்தின் மணம் புளித்த வாடையாக மாறுவதை ரோட்டில் போகிறவர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு அனுபவித்தார்கள். டிரைவர்கள் ராஜாங்கத்துக்குப் போன் மேல் போன் போட்டார்கள். பத்து மணிக்கு எனக்குப் போன் வந்தது. ராஜாங்கம்தான். குழாய் எந்த வழியாகப் போக வேண்டும் என்று உடனே வந்து காட்டுங்கள் என்றார். 'உள்ளே' வந்து காட்டுங்கள் என்றார்.

தேனியிலிருந்து வெல்டர்கள் வந்தார்கள். குழாயிலிருந்த கேஸை முழுக்க வெளியேற்றி, பழைய பாதையை அறுத்தெடுத்து, வடக்குப் பக்கம் திறந்த வெளியில் மேட்டோடு, கசிந்தாலும் அந்தப் பள்ளத்துக்கு வராமல் வயல் பக்கம் போகிற மாதிரி, புதுக் குழாய் போட்டோம். நான் கூடவே நின்று ஒவ்வொரு இணைப்பையும் சோதித்தேன். ஒரு வருஷம் முடியாது, செலவு, அடுத்த வருஷம் என்றெல்லாம் சொன்ன வேலை. மறுநாள் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. பூட்டிய பிள்ளைகள் அறையைத் திறந்தார்கள், அதற்குப் புதுக் கட்டில்களும் வந்தன. அதைப் பெண்கள் கேட்டு வாங்கினார்கள். பாண்டியம்மா உள்ளே போகும்போது என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். இத்தனை நாளில் அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் மரியாதை.

கொதிகலன் மறுபடி பற்றவைத்த பிறகு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்ற ராஜாங்கத்திடம் கேட்டேன். சண்டை பிடிக்க இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். ஒரு வருஷமாகப் பிள்ளைகளைக் காட்டிக் காட்டிச் சொன்னேனே, அப்போது முடியாதது இப்போது எப்படி முடிந்தது? அவர் என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவர் முகத்தில் வெட்கமும் இல்லை, வன்மமும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"புள்ளைக பொறுத்துக்கிரும் மேடம். பழம் தாங்காதுல்ல."

ஆகவே பெருமக்களே, இனிமேல் எந்த ஆலைக்குப் போனாலும் குழாயைப் பிறகு பார்த்துக்கொள்வேன், அங்கே சீக்கிரம் கெட்டுப்போகிற சரக்கு எது என்பதைத்தான் முதலில் விசாரிப்பேன்.